பொன்னையனைக் கொண்டுவரப் போன பஸ்

வீட்டை விட்டுக் கிளம்பிய முதல் நாள் இரவு நாங்கள் களியக்காவிளையில் தங்கினோம். எங்கள் வீடு செங்கல் என்கிற ஊரில். காலையில் நடந்து போய்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு மதியக் கஞ்சிக்குள் திரும்பிவிடுகிற தூரம்தான். என் இளைய மகள் லீலா பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் மைசூரா என்று கேட்டாள். அவளை நான் அடிக்கவில்லை. அந்தப் பயணத்தில் நான் காட்டிய பொறுமைகளில் அது முதலாவது.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மலையாள ராஜ்யத்தில் இருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், ஒரு பிடி மண்ணையும் விட்டுத் தரமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் கிடந்த எங்களுக்கு இரண்டு கூட்டத்திலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குச் சபைக்குப் போனால் ஒரு பெஞ்சில் மலையாளமும் அடுத்த பெஞ்சில் தமிழும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாட்டு தொடங்கினால் இரண்டும் ஒரே ராகத்தில் பாடும். நான் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடம் ஒரு நாள் திறந்தால் இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது.

யாரும் வாசலைத் தாண்டப் பயப்பட்ட அந்தச் சமயத்தில்தான் என் கணவர் தாசையன் குடும்பத்தையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மைசூர் ராஜ்யத்துத் துங்கபத்திரைக்குக் கிளம்பினார்.

காரணம் இருந்தது. அவருடைய அக்கா ஞானப்பூ, எனக்கு மயினி, எங்கள் வீட்டுக்கு அடுத்த விளையில், தென்னந்தோப்புக்குள் இருந்த வீட்டில், தனியாக இருந்தார். மயினியின் கணவர் பொன்னையன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், துங்கபத்திரையில் அணை கட்டத் தொடங்கியபோது வேலைக்காரர்களுக்குச் சாயாக்கடை போடுகிறேன் என்று ஹோஸ்பேட் பக்கம் போனவர். முதலில் கிறிஸ்துமஸுக்கு வந்தார். பிறகு அதுவும் நின்றது. அணை கட்டி முடிந்து தண்ணீரும் நிறைந்துவிட்டது, ஆளைக் காணவில்லை. அங்கிருந்து ஊர் திரும்பிய காஞ்சிரங்குளத்துக்காரர் ஒருவர்தான் வீட்டுக்கு வந்து சொன்னார்: கடைக்கூரையில் ஓடு மாற்ற ஏறிய பொன்னையன் விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறார், உட்கார முடியாது, ரயிலில் ஏற்றவும் முடியாது. மயினி அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மூடி முடியும்வரை துருவினார். பிறகு தம்பியைப் பார்த்து, "அவரக் கொண்டு வரணும்" என்றார். அவ்வளவுதான்.

யாராவது வாடகைக் கார் பிடித்துப் போய் வருவார்கள் என்று நினைத்தேன். என் கணவருக்குப் பாறசாலையில் மோட்டார் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த பழைய பஸ் ஒன்றை நெடுநாளாகவே அவர் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே அதன் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்தார். கயிற்றுக் கட்டில் இரண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீருக்கு ஒரு டிரம், நடுவில் மறைக்க ஒரு சேலைத் திரை என்று எல்லாம் ஏறின. அத்தான் படுத்தபடியே ஊர் வரலாம், வழியில் சமைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளும் நாடு பார்க்கலாம் என்றார். பெரியவள் பிரேமா குதித்தாள். இந்தக் கலவரத்தில் வேண்டாம் என்று நான் சொன்னது பட்டறைச் சுத்தியல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த பஸ் சிவப்பு நிறம். அரசாங்க பஸ்ஸும் சிவப்பு. இது எனக்கே தெரிந்திருந்தது. மோட்டார் தெரிந்தவருக்குத் தெரியவில்லை.

பெட்ரோலுக்காக முதலில் வடக்கே நெய்யாற்றின்கரைக்குப் போனோம். அங்கே கடைத்தெருவில் சில இளைஞர்கள் வழிமறித்தார்கள். தமிழர் கூட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டியா என்று மலையாளத்தில் கேட்டார்கள். கட்டிலையும் அடுப்பையும் காட்டினோம். நம்பாமல் தங்கள் பக்கத்துக் கோஷம் ஒன்றை எங்களைப் போடச் சொன்னார்கள். போட்டோம். லீலாவின் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. திரும்பித் தெற்கே களியக்காவிளையை நெருங்கும்போது அரசாங்க பஸ் வருகிறது என்று நினைத்துத் தமிழ்ப் பக்கத்துப் பையன்கள் கல் எறிந்தார்கள். பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து டிரம்முக்குள் விழுந்தது. என் கணவர் இறங்கிப் போய், இது வீடு, பஸ் இல்லை என்று விளக்கினார். அங்கேயும் ஒரு கோஷம் கேட்டார்கள். லீலா காலையில் போட்ட அதே கோஷத்தைத் தொடங்கினாள். பிரேமா அவள் வாயைப் பொத்தினாள்.

ஆக அன்று இரவு களியக்காவிளை சபை வளாகத்தில் தங்கினோம். அங்கே வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு இருந்தது. பஸ் முழுக்க அதைப் பூசினோம். மழை பெய்த ஊர்களிலெல்லாம் சுண்ணாம்பு கரைந்து எங்கள் வீடு ரோஜா நிறத்தில் ஒழுகியது.

அப்போது எல்லை ஆரல்வாய்மொழியில்தான், அங்கே சோதனை. அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. பொன்னையன் அண்ணனுக்காக மயினி கொண்டுவந்த தைலக் குப்பியைக் காவலர் ஒருவர் மோந்து பார்த்தார். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை, இன்னொருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். மூன்றாமவருக்கு முட்டுவலி இருந்தது. அவர் காலைத் திண்டில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் தேய்த்துவிடச் சொன்னார். மயினி தேய்த்துவிட்டார். அதன்பிறகுதான் வழி விட்டார்கள்.

மதுரையில் சாப்பாட்டுக்கடையில் கை கழுவும்போது இரண்டு பேர் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மலையாளத்துக்காரர்கள் போலிருக்கிறது, தமிழ் தப்பில்லாமல்தான் பேசுகிறார்கள் என்றார் ஒருவர். எனக்கு வந்த கோபத்தில் ரசம் இறங்கவில்லை. ஊரில் தமிழராக இருந்ததற்கு விசாரணை, களியக்காவிளையில் தமிழர்தானா என்று விசாரணை, மதுரையில் மலையாளி. என் கணவர் அந்த ஆளிடம் எங்கள் ஊர்த் தமிழின் பழமையை விளக்கப் போனார். அவர் எவ்வளவு விளக்கினாரோ அந்த ஆள் அவ்வளவு உறுதியாக மலையாளி என்று முடிவுசெய்தார்.

அதற்கு மேல் நிலம் காய்ந்துகொண்டே போனது. வளைவுக்கு வளைவு வாழையும் தென்னையும் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே காலையில் கண்ணில் பட்ட பாறை மத்தியானமும் அதே இடத்தில் நின்றது. சிவப்பு மண், முள், ஆடு, பிறகு மறுபடியும் முள். கால் கழுவ ஒரு ஓடை இல்லை. டிரம்மில் இருந்த தண்ணீரை எல்லாம் இன்ஜின் குடித்தது. கொதித்து ஆவி விடும்போதெல்லாம் என் கணவர் எங்களுக்கு வைத்திருந்த தண்ணீரை அதற்கு ஊற்றுவார். பிள்ளைகளுக்குத் தாகம் என்றால் பஸ்ஸுக்கும் தாகம்தானே என்பார். சண்டை போடக்கூட நாக்கில் ஈரம் இல்லை.

ஒரு கிராமத்துக்கு வெளியே டயர் வெடித்தது. மாற்று டயரும் ஏற்கனவே வெடித்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. லாரி ஒன்று வந்து டயரைக் கொண்டுபோய் ஒட்டித் திருப்பித் தரும்வரை அங்கேயே கிடந்தோம். ஊரே வந்து பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தது. கட்டிலைக் காட்டி ஏதோ கேட்டார்கள். தெலுங்கு கொஞ்சம் புரிந்த என் கணவர், யாருக்குக் காய்ச்சல் என்று கேட்கிறார்கள் என்றார். எனக்குத்தான் என்று சொல்லுங்கள் என்றேன். ஒரு பெண் சோள ரொட்டியும் நிலக்கடலைச் சட்னியும் கொண்டுவந்து கொடுத்தாள். ரொட்டி என்றால் நம் அப்பத்தைப் போல வாயில் கரையாது, தாடை வலிக்க மெல்ல வேண்டும். சட்னியின் காரம் காது வரை ஏறியது. மயினி ஒவ்வொரு வாய்க்கும் மரச்சீனிக் கிழங்கையும் சாளை மீனையும் நினைத்துக்கொண்டு மென்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

பெல்லாரியில் ஒரு ஊர்வலம் வழியை அடைத்தது. எதற்கு என்று விசாரித்தால், பெல்லாரி கன்னடத்துக்கா தெலுங்குக்கா என்று அங்கேயும் தகராறாம். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். என் கணவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துவிட்டார். லீலா, எந்த கோஷம் போடணும் என்று என்னிடம் காதோடு கேட்டாள்.

பொன்னையன் அண்ணனின் கடை அணைக்குக் கொஞ்சம் தள்ளி, வேலைக்காரர்கள் விட்டுப்போன குடிசைகளுக்கு நடுவே இருந்தது. அடுப்பில் பால் கொதித்தது. ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஒரு பெண். கை நிறையப் பச்சை வளையல், நெற்றியில் பெரிய குங்குமம். பெயர் ஹனுமக்கா என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் யார் என்று அவள் கேட்கவில்லை. எங்களிலும் யாரும் அவளைக் கேட்கவில்லை. பின்னால் கட்டில் கிடந்த அறையின் வாசலை விட்டு அவள் ஒதுங்கி நின்றாள்.

பொன்னையன் அண்ணன் மனைவியைப் பார்த்ததும் அழத் தொடங்கினார். கேட்பதற்கு முன்னே, "நான் வாறேன், ஞானப்பூ. ஊருக்கு வாறேன்" என்றார். மயினி அவரை மெல்லப் புரட்டிச் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். குதிகாலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரு புண்ணு இல்ல. நல்லாப் பாத்திருக்கா."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் கணவருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்த அறைக்குள்ளேயே கத்த ஆரம்பித்தார். இவ்வளவு தூரம் சுண்ணாம்பு பூசிக்கொண்டு வந்தது இதற்கா என்றார். இந்த ஆளை இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம் என்றார். பொன்னையன் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எலே தாசா, பேசாத இரி. உனக்க அக்கா நானாக்கும். அவருக்க பெண்டாட்டியும் நானாக்கும். நான் சொல்லுவேன்."

என் கணவர் பஸ்ஸைப் பார்க்க வெளியே போனார். ஹனுமக்கா எங்களுக்கு ரொட்டி தட்டிப் போட்டாள். மயினி மாவு உருட்டிக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது. காலையில் கட்டிலோடு பொன்னையன் அண்ணனை பஸ்ஸில் ஏற்றியபோது அவள் துணியில் ரொட்டியும் கடலைப்பொடியும் கட்டிக் கொண்டுவந்தாள். அவரை எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும், காலுக்கு அடியில் துணியை எப்படி மடித்து வைக்க வேண்டும் என்று கையாலேயே மயினிக்குச் செய்து காட்டினாள். மயினி அதேபோல் செய்து காட்டினார். சரி என்று தலையசைத்துவிட்டு ஹனுமக்கா கடைக்குள் போய்விட்டாள். பஸ் நகரும்போது வெளியே வரவில்லை.

திரும்பிய வழியைப் பற்றி நான் அதிகம் சொல்லாமல் இருப்பது நல்லது. போகும்போது பஸ் மட்டும்தான் படுத்தியது. வரும்போது பொன்னையன் அண்ணனும் சேர்ந்துகொண்டார். கஞ்சியில் உப்பு இல்லை, வண்டி குலுங்குகிறது, ஜன்னல் வழியாக வெயில், ஜன்னலை மூடினால் புழுக்கம். கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டு தகரச் சுவரில் தட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் என் கணவர் வேகமாக ஓட்டுகிறார். உறக்கத்தில் அந்த ஊர்ப் பேச்சில் ஏதோ முணுமுணுப்பார். மயினி தினமும் காலையில் திரைக்குப் பின்னால் அவரைத் துடைத்து, புரட்டி, துணி மாற்றுவார். இருவரும் பேசுவது எனக்குக் கேட்கவே இல்லை. ஏதாவது திட்டிவிடுங்களேன் மயினி, எங்களுக்காவது ஆறும் என்று ஒருநாள் சொல்லியேவிட்டேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "இப்ப ஏசினா ஓடவா முடியும் அவருக்கு?" என்றார்.

களியக்காவிளை தாண்டியதும் வழி அடைபட்டுக் கிடந்தது. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், ஒன்றல்ல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அந்தப் பக்கங்களில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்த நேரம். கடைகள் சாத்தியிருந்தன. இளைஞர்கள் கூட்டமாக நின்றார்கள். வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் பொன்னையன் அண்ணன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் கம்பால் தட்டவே இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. நெற்றி கொதித்தது.

என் கணவர் இறங்கிப் போய்க் கெஞ்சினார். மரத்தை நகர்த்தினால் போலீஸ் லாரி வந்துவிடும், முடியாது என்றார்கள். அப்போது மயினி இறங்கினார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் பையன்களில் தாடி வைத்திருந்தவனின் முன்னால் போய் நின்றார்.

"மக்கா, உள்ள ஒரு ஆளு வய்யாத கிடக்கு. மரத்த மாத்து. இல்லேன்னா கட்டில பிடி."

அவன் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டான். வெயில் படாமல் மயினி அவரைத் தலைவரை ஒரு வெள்ளைத்துணியால் மூடியதும், கட்டிலை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தோம். ஒவ்வொரு மரத்தின் மேலும் கட்டில் ஏறி இறங்கியது. பாறசாலையை நெருங்கும்போது எதிரே வேறு ஒரு கூட்டம் நின்றது. மலையாளக் கொடி. எங்களைத் தூக்கி வந்தவர்கள் நின்றார்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தது. பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து சிலர் வந்து கட்டிலைத் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் விசில் சத்தம். போலீஸ். ஓட நினைத்தவர்களால் ஓட முடியவில்லை, தோளில் கட்டில். இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். வெள்ளைத்துணி மூடிய கட்டிலையும் பின்னால் அழுத முகத்தோடு வருகிற பெண்களையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். போலீஸ்காரர்களும் லத்தியைத் தாழ்த்தினார்கள். கட்டில் அவரைத் தாண்டும்போது பொன்னையன் அண்ணன் துணியை விலக்கித் தலையைத் தூக்கினார்.

"பைய கொண்டு போங்கலே. இடுப்பு போவுது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்வதற்குள் நாங்கள் தாண்டிவிட்டோம்.

மிஷன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. மரங்களை அகற்றியபிறகு என் கணவர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டுவந்து மயினியின் விளையில் நிறுத்தினார். பொன்னையன் அண்ணன் முதலில் எழுந்து உட்கார்ந்தார், பிறகு சுவரைப் பிடித்து நின்றார், பிறகு கம்பு ஊன்றி சபை வரை நடந்தார். இதற்குள் எல்லையும் ஒரு வழியாக முடிவானது. கோடு களியக்காவிளையில் விழுந்தது. நாங்கள் மலையாளத்துப் பக்கம், குழித்துறையில் இருந்த என் பிறந்த வீடு தமிழ்நாட்டுப் பக்கம். கோஷம் போட்டவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஊரில் எல்லோரும் மயினியைப் புகழ்ந்தார்கள். உபதேசியார் பிரசங்கத்திலேயே சொன்னார், மன்னிக்கிற மனசு என்று. மயினி அப்போது பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

பொன்னையன் அண்ணன் கம்பு இல்லாமல் கிணற்றடி வரை போய்வந்த வாரத்தில் ஒருநாள் காலை, மயினி அவருடைய பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். சோறு பொதிந்து ஒரு இலைக்கட்டும் வைத்திருந்தார். என் கணவர் ஓடிவந்தார். கை நீட்டிக் கத்தினார். எத்தனை டயர், எத்தனை டிரம் தண்ணீர், எத்தனை கோஷம் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினார். பொன்னையன் அண்ணன் பெட்டியைப் பார்த்தார், மயினியைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டார்.

பாறசாலை ஜங்ஷன் வரை மயினியும் நானும் கூடப் போனோம். கிழக்கே போகிற பஸ் வந்தது. கால் நீட்ட வசதியாக முன் இருக்கை கொடுக்கும்படி மயினியே கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டார். பஸ் போனபிறகு திரும்பி நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. இதற்குத்தானா மயினி அந்த வெயிலில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனீர்கள், அங்கேயே விட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

மயினி நடந்துகொண்டே சொன்னார்: "நடக்க முடியாத கிடக்கவனப் பாத்து எப்பிடி மக்கா போன்னு சொல்லுது? இப்ப நடக்காரு. இப்பச் சொல்லலாம்."